வெப்பமும் புழுக்கமும் – கையடக்க ஈரமானி கற்பிக்கும் பாடம்

முன்னுரை

திருப்பெரும்புதூர் தொடங்கி ஒரகடம் வரை பரந்து கிடக்கும் தொழிற்பகுதி இன்று தமிழகத்தின் பெருந்தொழில் வளாகங்களுள் ஒன்றாகத் திகழ்கின்றது. ஏரிகளும் வயல்களும் சூழ்ந்திருந்த இந்நிலப்பரப்பில் இப்பொழுது ஊர்திகளும், கண்ணாடியும், உருளிப்பட்டைகளும், கைப்பேசிகளும் உருவாகின்றன. நம் கல்லூரி போன்ற கல்லூரிகளில் பயின்று வெளியேறும் மாணவ மாணவியருள் பலர் இத்தொழிற்கூடங்களில் பணி ஏற்கின்றனர். அங்கு அவர்கள் நாள்தோறும் காணும் சிறு கருவிகளுள் ஒன்று, காற்றின் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் ஒருங்கே காட்டும் கையடக்க ஈரமானி. உள்ளங்கையில் அடங்கும் அக்கருவியின் முகப்பில் இரண்டு எண்கள் தோன்றும். ஒன்று பாகைக் கணக்கில் வெப்பநிலை. மற்றொன்று விழுக்காட்டுக் கணக்கில் ஈரப்பதம். அவ்விரண்டு எண்களையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்தவனுக்கே அக்கருவி பயன்படும். எவ்வாறு படிப்பது, எவ்வாறு அளப்பது, எவற்றுக்காக அளப்பது என்பனவற்றை மொழி, வரலாறு, தொழில், உடல்நலம் ஆகிய நோக்குகளில் விளக்க இக்கட்டுரை முற்படுகின்றது.

1. சொல்லும் பொருளும்

வெயில், வெம்மை, வெக்கை, அனல், காங்கை, புழுக்கம் எனச் சூட்டைக் குறிக்கத் தமிழில் பல சொற்கள் உள்ளன. இவை ஒருபொருட் பன்மொழிபோலத் தோன்றினும் நுட்பமான வேறுபாடு உடையவை. ‘வெயில்’ கதிரவனிடமிருந்து நேரே வருவது. ‘காங்கை’ தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் எழுந்து வீசுவது. ‘புழுக்கம்’ என்பதோ இவ்விரண்டினின்றும் வேறானது. நெல்லை நீராவியில் வேகவைப்பதனை ‘நெல் புழுக்குதல்’ என்கிறோம். அவ்வாறு புழுக்கிய நெல்லின் அரிசி ‘புழுங்கல் அரிசி’ எனப்படுகின்றது. ஆதலின் ‘புழுக்கம்’ என்னும் சொல்லுக்குள்ளேயே வெப்பமும் ஈரமும் கலந்து நிற்கின்றன. வெயிலே இல்லாத மூடிய அறையிலும் புழுக்கம் உண்டு. வெயில் கொளுத்தும் வறண்ட வெளியில் புழுக்கம் இல்லாமலும் இருக்கலாம். மக்கள் வழக்கு இவ்வேறுபாட்டைக் கருவியின் துணையின்றியே உணர்ந்திருந்தது.

பெரும்பொழுதை ஆறாகப் பகுத்த தொல்காப்பிய மரபிலும் வெப்பமும் ஈரமும் இணைத்தே எண்ணப்பட்டுள்ளன. காரும் கூதிரும் ஈரத்தின் பருவங்கள். முன்பனியும் பின்பனியும் குளிர்ச்சியின் பருவங்கள். இளவேனிலும் முதுவேனிலும் வெம்மையின் பருவங்கள். வேனிலையும் நண்பகலையும் பாலைக்கு உரியவாக்கியதிலிருந்து, உச்சி வெயில் உடலுக்கு இடர் தரும் பொழுது என்பதனை நம் முன்னோர் கருத்திற்கொண்டிருந்தனர் எனலாம்.

‘ஈரப்பதம்’ என்பது ஈரம், பதம் என்னும் இரு சொற்கள் இணைந்த தொடர். பாகுபதம், சோற்றுப்பதம் என்பன போல ஈரத்தின் நிலையை உணர்த்துவது. இச்சொல்லை மிகுதியாகப் பயன்படுத்துவோர் காவிரிப் படுகை உழவர். நெல் கொள்முதல் நிலையங்களில் 17 விழுக்காட்டு ஈரப்பதம் என்னும் வரம்பு அவர்கள் வாழ்வோடு தொடர்புடையது. ஆயின் அங்கு அளக்கப்படுவது நெல்மணிக்குள் இருக்கும் நீரின் எடைப்பங்கு. காற்றைப் பற்றிப் பேசும்போது ஈரப்பதம் என்பது வேறு பொருள் தருகின்றது. குறிப்பிட்ட வெப்பநிலையில் காற்று மிகுதியாக எவ்வளவு நீராவியைக் கொள்ளுமோ அதில் எத்தனை விழுக்காடு இப்பொழுது உள்ளது என்பதே அது. இதனை ‘ஒப்பு ஈரப்பதம்’ என்று பாடநூல்கள் வழங்குகின்றன. இவ்விரு பொருளையும் மாணவர் மயங்கக் கொள்ளலாகாது.

2. ஈரமானி வளர்ந்த வரலாறு

காற்றின் ஈரத்தை அறிய மக்கள் முதலில் துணைக்கொண்டவை வீட்டுப் பொருள்களே. உப்பு கசிந்தால் காற்றில் ஈரம் மிகுந்தது என்றும், முறுக்கும் அப்பளமும் நமுத்தால் மழைக்காலம் நெருங்கியது என்றும் நம் இல்லத்தரசியர் கணித்தனர். ஐரோப்பாவில் பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த குசா நகர நிக்கோலஸ் என்னும் அறிஞர், தராசின் ஒரு தட்டில் கம்பளியையும் மறுதட்டில் கற்களையும் வைத்து, கம்பளி ஈரம் உறிஞ்சிக் கனப்பதனைக் கொண்டு காற்றின் ஈரத்தை அறியலாம் என எழுதினார். 1783-இல் ஜெனீவா அறிஞர் சொசூர், ஈரத்தில் மனிதத் தலைமயிர் நீள்வதனைப் பயன்படுத்தி மயிர் ஈரமானியை விளக்கி நூல் வெளியிட்டார். 1820-இல் ஆங்கிலேய அறிஞர் டேனியல், பனிநிலையைக் காட்டும் கருவியை உருவாக்கினார்.

பின்னர்ப் பரவலான வழக்கிற்கு வந்தது இரட்டைக் குமிழ் ஈரமானி. இதில் இரண்டு வெப்பமானிகள் அருகருகே நிற்கும். ஒன்றின் குமிழ் உலர்ந்திருக்கும். மற்றொன்றின் குமிழில் நனைந்த மஸ்லின் துணி சுற்றப்பட்டிருக்கும். ஈரத்துணியிலிருந்து நீர் ஆவியாகும்போது அக்குமிழ் குளிரும். காற்று வறண்டிருந்தால் மிகுதியாகக் குளிரும். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் குளிர்ச்சி குறையும். இரு குமிழ்களின் வேறுபாட்டைக் கொண்டு அட்டவணையில் ஈரப்பதத்தைக் கண்டறியலாம். மண்பானை நீர் குளிர்வதும் இதே இயற்கையால்தான். ஐப்பசி மழையில் பானை நீர் குளிராமல் இருப்பதும் சித்திரைக் கோடையில் குளிர்ந்து இனிப்பதும் இவ்வுண்மைக்குச் சான்று.

இருபதாம் நூற்றாண்டில் மின்முறை வந்தது. 1973-இல் பின்லாந்து நாட்டின் வைசாலா நிறுவனம் மெல்லிய பலபடிப் படலத்தைக் கொண்ட உணரியை அறிமுகப்படுத்தியது. அப்படலம் காற்றின் ஈரத்திற்கேற்ப நீரை உறிஞ்சியும் விட்டும் தன் மின்தேக்குத் திறனை மாற்றிக்கொள்ளும். அம்மாற்றத்தைக் கருவி எண்ணாக்கிக் காட்டும். இன்று தொழிற்கூடங்களில் கையாளப்படும் கையடக்க ஈரமானிகளுள் பெரும்பாலானவை இவ்வகையினவே. நிக்கோலசின் கம்பளி செய்த அதே பணியை இப்படலம் செய்கின்றது. வேறுபாடு நுட்பத்தில் மட்டுமே.

3. இரண்டு எண்களும் அவற்றின் உறவும்

வெப்பநிலை உயர உயரக் காற்று கொள்ளக்கூடிய நீராவியின் அளவும் உயர்கின்றது. ஒரு கன மீட்டர் காற்று 20 பாகை செல்சியசில் ஏறத்தாழ 17 கிராம் நீராவியையும், 30 பாகையில் 30 கிராமையும், 40 பாகையில் 51 கிராமையும் கொள்ளும். அதற்கு மேற்பட்டது நீராகப் பிரியும். இதனால் ஒப்பு ஈரப்பதம் என்னும் எண் வெப்பநிலையைச் சார்ந்தே பொருள் தருகின்றது.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். விடியற்காலையில் வெப்பநிலை 26 பாகை, ஈரப்பதம் 90 விழுக்காடு எனக் கொள்வோம். நண்பகலில் வெப்பநிலை 36 பாகை, ஈரப்பதம் 51 விழுக்காடு. எண்ணை மட்டும் கண்டவன், ‘நண்பகலில் காற்று உலர்ந்துவிட்டது’ என்பான். உண்மையில் இருபொழுதிலும் ஒரு கன மீட்டர் காற்றிலுள்ள நீராவி ஏறத்தாழ 21 முதல் 22 கிராமே. நீர் குறையவில்லை, காற்றின் கொள்ளளவே பெருகியது. ஆகவே வெப்பநிலையைக் குறிக்காமல் ஈரப்பதத்தை மட்டும் எழுதுவது பயனற்றது.

இதனுடன் தொடர்புடைய மற்றோர் அளவு பனிநிலை. காற்றைக் குளிர்வித்துக்கொண்டே சென்றால் எந்த வெப்பநிலையில் நீர்த்துளி படியத் தொடங்குமோ அதுவே பனிநிலை. 34 பாகை வெப்பநிலையும் 70 விழுக்காட்டு ஈரப்பதமும் உள்ள காற்றின் பனிநிலை ஏறத்தாழ 28 பாகை. அக்காற்று, 24 பாகைக்குக் குளிரூட்டப்பட்ட கூடத்திற்குள் புகுந்தால், அங்குள்ள இரும்பும் கண்ணாடியும் வியர்க்கும். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வந்தவரின் மூக்குக்கண்ணாடி மங்குவதும் இதனால்தான். கையடக்கக் கருவிகள் பல, பனிநிலையையும் ஈரக்குமிழ் வெப்பநிலையையும் தாமே கணக்கிட்டுக் காட்டுகின்றன.

4. பொருளின் பொருட்டு அளத்தல்

தொழில்கள் காற்றின் ஈரத்தைக் கருத்திற்கொள்வது புதிதன்று. இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில் நெசவாளர் குழித்தறியில் அமர்ந்து நெய்து வந்துள்ளனர். தரைக்குக் கீழுள்ள குழியின் குளிர்ச்சியும் ஈரமும் பாவு இழை அறாமல் காக்கும். வறண்ட தட்பவெப்பம் சிவகாசியில் தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத் தொழில்களுக்குத் துணைநின்றது. அமெரிக்காவில் 1902-இல் வில்லிஸ் கேரியர் என்னும் பொறியாளர் வகுத்த காற்றுப்பதனமுறை, புரூக்ளின் நகர அச்சகம் ஒன்றின் பொருட்டே எழுந்தது. ஈரத்தால் தாள் விரிந்து வண்ணங்கள் விலகிப் பதிந்தமையே அதற்குக் காரணம். இன்று மக்கள் சுகத்திற்கு எனக் கருதப்படும் குளிர்பதனம், முதலில் தாளின் நலத்திற்காகவே வந்தது என்பது எண்ணத்தக்கது.

திருப்பெரும்புதூர்ப் பகுதியின் தொழில் வரலாறும் இவ்வகையில் நோக்கத்தக்கது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் மகிழுந்து உற்பத்தியைத் தொடங்கியது. 2006-இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா கைப்பேசி ஆலை 2014-இல் மூடப்பட்டது. அதன்பின்னும் மின்னணுத் தொழில் இப்பகுதியில் பெருகியே வந்துள்ளது. 2010 முதல் ஒரகடத்தில் ஊர்தி ஆலைகள் அடுத்தடுத்து உற்பத்தியில் இறங்கின. இத்தொழில்களுள் ஈரத்தைப் பொருட்படுத்தாதது அரிது.

மின்னணுத் தொழிலில் ஈரம் மிகுந்தாலும் இடர், குறைந்தாலும் இடர். நுண்சில்லுகளின் நெகிழி உறை காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். பற்றவைக்கும் உலையில் 240 பாகைக்கும் மேலான வெப்பத்தில் அவ்வீரம் நீராவியாகி, சோளம் பொரிவதுபோல் உறையைப் பிளக்கும். ஆகவே இவ்வுறுப்புகள் ஈரக்கூர்மை நிலைகளாகப் பகுக்கப்பட்டுள்ளன. 3-ஆம் நிலையைச் சார்ந்த உறுப்பினை, 30 பாகைக்கும் 60 விழுக்காட்டு ஈரப்பதத்திற்கும் மிகாத கூடத்தில், உறை பிரித்தபின் 168 மணி நேரத்திற்குள் பற்றவைத்தாக வேண்டும் என்பது பன்னாட்டு நெறி. மறுபுறம், காற்று மிக உலர்ந்தால் நிலைமின்சாரம் தோன்றி, கை பட்ட அளவிலேயே சில்லு பழுதாகும்.

இரும்புக்கு வண்ணம் பூசுவோர் பனிநிலையைப் பார்த்தே பணி தொடங்குவர். பூசப்படும் பரப்பின் வெப்பநிலை பனிநிலையைவிடக் குறைந்தது 3 பாகை மிகுந்திருக்க வேண்டும் என்பது பூச்சுத் தொழிலின் பொது விதி. அன்றேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் வண்ணத்திற்கும் இரும்பிற்கும் இடையே தங்கி, பின்னாளில் துருவாக வெளிப்படும். நைலான் போன்ற நெகிழிமணிகளை அச்சில் வார்ப்பதற்கு முன் உலர்த்துவதும் ஈரத்தின் பொருட்டே. உலர்த்தாமல் வார்த்தால் பரப்பில் வெள்ளிக்கோடுகள் விழும்.

ஆகவே இத்தொழிற்கூடங்களின் சுவர்களில் ஈரமானி தொங்குவதும், மணிக்கு மணி அளவீடு பதிவேட்டில் ஏறுவதும், வரம்பு மீறினால் உற்பத்தி நிறுத்தப்படுவதும் வியப்பன்று. பொருளின் நலத்திற்கு இத்துணை அக்கறை காட்டப்படுகின்றது. அதே அக்கறை, பொருளைச் செய்யும் மனிதனுக்கும் வேண்டும் என்பதே இக்கட்டுரை வலியுறுத்தும் கருத்து.

5. உழைக்கும் உடலின் பொருட்டு அளத்தல்

மனித உடல் உழைக்கும்போது உள்ளே வெப்பம் பிறக்கின்றது. அதனை வெளியேற்றும் முதன்மை வழி வியர்வை. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும். வியர்வை ஆவியானால்தான் இப்பயன் கிட்டும். வெறுமனே வழிந்து தரையில் சொட்டினால் உடல் குளிராது. காற்றில் ஈரம் நிறைந்திருக்கும்போது வியர்வை ஆவியாவது தடைப்படுகின்றது. இதுவே புழுக்கத்தின் இயல்பு.

இரு பணியிடங்களை ஒப்பிடுவோம். ஓரிடத்தில் வெப்பநிலை 40 பாகை, ஈரப்பதம் 30 விழுக்காடு. மற்றோரிடத்தில் வெப்பநிலை 34 பாகை, ஈரப்பதம் 70 விழுக்காடு. வெப்பமானியை மட்டும் நோக்கின் முன்னதே கொடிது எனத் தோன்றும். ஆனால் முன்னதன் ஈரக்குமிழ் வெப்பநிலை 26 பாகைக்கும் சற்றுக் குறைவு; பின்னதன் ஈரக்குமிழ் வெப்பநிலையோ ஏறத்தாழ 29 பாகை. வியர்வையால் குளிர்வதற்குப் பின்னதில்தான் வாய்ப்புக் குறைவு. கடற்காற்று ஈரத்தைச் சுமந்து உள்நாட்டினுள் நுழையும் சென்னைச் சுற்றுப்புறத்திற்கு இவ்வொப்பீடு மிகவும் பொருந்தும். கடற்காற்று வந்தால் வெப்பநிலை தணியும் என்பது உண்மையே. எனினும் தகரக் கூரையின் கீழ், காற்றோட்டமற்ற சரக்கறையில் நிற்பவனுக்கு அந்த ஈரம் புழுக்கமாகவே சேரும்.

ஈரக்குமிழ் வெப்பநிலை 35 பாகையை எட்டினால் நிழலில் ஓய்ந்திருக்கும் உடலும் தன் வெப்பத்தை இழக்க இயலாது என்று ஷெர்வுட், ஹூபர் ஆகிய அறிஞர்கள் 2010-இல் எடுத்துரைத்தனர். பின்னர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் உடல்நலமிக்க இளைஞர்களிடம் நடத்திய ஆய்வுகள், ஈரம் மிகுந்த சூழலில் ஏறத்தாழ 31 பாகையிலேயே உடல் தடுமாறத் தொடங்குவதனைக் காட்டின. கடும் உழைப்பில் ஈடுபடுவோருக்கு வரம்பு இதனினும் குறைவே.

சட்டமும் இதனை ஓரளவு உணர்ந்திருந்தது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, பணியறைகளில் போதிய காற்றோட்டமும் உடல்நலத்திற்குக் கேடு செய்யாத வெப்பநிலையும் இருத்தல் வேண்டும் என விதித்தது. பஞ்சாலைகளில் நூல் அறாமலிருக்கச் செயற்கையாக ஈரமூட்டும் வழக்கம் உண்டாதலின், அவ்வீரத்தை வரையறுக்கவும் அளந்து பதிவு செய்யவும் விதிகள் இயற்றும் அதிகாரத்தை 15-ஆம் பிரிவு மாநில அரசுகளுக்கு அளித்தது. அச்சட்டத்தை ஒட்டி எழுந்த மாதிரி விதிகள், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் பணியறைக் காற்றின் ஈரக்குமிழ் வெப்பநிலை 30 பாகையை மிஞ்சலாகாது என வரையறுத்தன. நூலுக்கு நன்மை தரும் ஈரம் நூற்பவருக்குத் தீங்காகலாம் என்பதனைச் சட்டம் இயற்றியோர் கண்டிருந்தனர்.

தமிழகத்தில் இத்துறையில் தொடர்ந்து ஆய்வு நடைபெற்று வருகின்றது. சென்னை போரூரிலுள்ள ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியர் வித்யா வேணுகோபாலும் அவர்தம் குழுவினரும் தமிழகத்தின் பல்வேறு பணியிடங்களில் கருவிகளைக் கொண்டு வெப்பச்சுமையை அளந்துள்ளனர். தமிழகத்தில் 800 கருவுற்ற பெண்களிடம் அவர்கள் நடத்திய ஆய்வின் முடிவு 2024-இல் வெளியாயிற்று. வயல், செங்கற்சூளை, உப்பளம் போன்ற வெப்பமிக்க பணியிடங்களில் உழைத்தோர்க்குக் கருச்சிதைவின் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காக இருந்ததனை அது காட்டியது. அவை ஆலைப்பணிகள் அல்ல என்பது உண்மை. எனினும் பெண்கள் பெருந்திரளாகப் பணிபுரியும் திருப்பெரும்புதூர்ப் பகுதிக்கு அவ்வாய்வு விடுக்கும் எச்சரிக்கை தெளிவானது.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இந்திய வானிலை ஆய்வுத் துறை 2023-இல் வெப்பத்தையும் ஈரத்தையும் இணைத்த வெப்பக் குறியீட்டைச் சோதனை முறையில் வெளியிடத் தொடங்கியது. எனினும் வானிலை நிலையத்தின் எண் திறந்த வெளியில், நிழற்கூண்டில் எடுக்கப்படுவது. ஆலையின் உலையருகிலும், சரக்கு ஏற்றும் மேடையிலும், தொழிலாளர் உறங்கும் அறையிலும் நிலவும் நிலையை அவ்விடத்தில் அளந்தாலன்றி அறிய இயலாது. கையடக்கக் கருவியின் தேவை இங்கேதான் எழுகின்றது.

6. அளக்கும் முறை

‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது பழமொழி. பானைச் சோறு ஒருசீராக வெந்திருக்கும். ஆதலின் ஒரு பருக்கை போதும். தொழிற்கூடமோ ஒருசீரானதன்று. குளிர்காற்று வீசும் வாயிலருகே 26 பாகை காட்டும் அதே கூடம், அடுப்பருகே 38 பாகை காட்டக்கூடும். ஆகவே ஈரப்பதத்திற்கு இப்பழமொழி பொருந்தாது. பணியாளர் உண்மையில் நிற்கும் இடங்கள் அனைத்திலும் அளத்தல் வேண்டும். அவ்வாறு அளப்போர் கருத்திற்கொள்ள வேண்டிய நெறிகள் வருமாறு:

அ. கருவியைப் புதிய இடத்திற்குக் கொண்டுவந்தவுடன் படித்தலாகாது. அறையின் வெப்பநிலைக்குக் கருவி பழகும்வரை, எண் நிலைக்கும்வரை, பொறுத்திருத்தல் வேண்டும். குளிரூட்டிய ஊர்தியிலிருந்து எடுத்த கருவியில் ஈரம் படிந்து பொய்யான எண் தோன்றும்.

ஆ. உணரி அமைந்த முனையைக் கையால் பொத்தலாகாது. முகத்தருகே பிடித்தலும் ஆகாது. நம் மூச்சுக்காற்று வெப்பமும் ஈரமும் நிறைந்தது. கையை நீட்டி, உடலிலிருந்து விலக்கிப் பிடித்தல் நலம்.

இ. நேர்வெயில், சுவர், இயந்திரம், குளிர்காற்று வாய் ஆகியவற்றுக்கு மிக அண்மையில் அளத்தலாகாது. நின்று பணிபுரிவோரின் வயிற்றளவு உயரமாகிய 1.1 மீட்டர் அளவில் பிடிப்பது வெப்பச்சுமை ஆய்வில் வழக்கம்.

ஈ. ஓரிடத்தில் ஒருமுறைக்கு மும்முறை படித்துச் சராசரி காணல் வேண்டும். இடம், நாள், நேரம், வெப்பநிலை, ஈரப்பதம், மின்விசிறி ஓடியதா என்பது ஆகிய அனைத்தையும் ஒருங்கே எழுத வேண்டும். நேரம் குறிக்கப்படாத அளவீடு சான்றாகாது.

உ. சுழற்று ஈரமானியைக் கையாள்வோர் ஈரக்குமிழின் துணியைத் தூய வாலைவடிநீரில் நனைத்து, நொடிக்கு இரண்டு மூன்று சுற்றுகளாகச் சுழற்றி, நிறுத்தியவுடன் ஈரக்குமிழை முதலில் படித்தல் வேண்டும். தாமதித்தால் அதன் வெப்பநிலை ஏறிவிடும்.

ஊ. கருவியின் நேர்மையை அவ்வப்போது சோதித்தல் இன்றியமையாதது. அதற்குச் சமையல் உப்பே உதவும். சிறு மூடியில் உப்பை இட்டு, முழுதும் கரையாதபடி சில துளி நீர் விட்டுக் குழைத்து, அதனையும் கருவியையும் காற்றுப்புகாத கலத்தில் வைத்து, சில மணி நேரம் அசையாமல் விட வேண்டும். 25 பாகை வெப்பநிலையில் உள்ளிருக்கும் ஈரப்பதம் 75 விழுக்காட்டில் வந்து நிற்கும். கருவி 80 காட்டினால் அது 5 மிகுத்துக் காட்டுகின்றது என அறியலாம். உப்பு கருவியின் மேல் படாதிருத்தல் வேண்டும். ஆண்டிற்கொருமுறை ஏற்பளிக்கப்பட்ட ஆய்வகத்தில் சோதித்துச் சான்று பெறுதல் தொழிற்கூடங்களின் நடைமுறை.

எ. வண்ணக்கரைப்பான், சாராவிப் பொருள்கள் முதலியவற்றின் ஆவி உணரியின் படலத்தைக் கெடுக்கும். பூச்சுக்கூடத்தில் பயன்படுத்திய கருவியை அடிக்கடி சோதித்தல் நலம்.

7. கருவி காட்டாதவை

எக்கருவிக்கும் எல்லை உண்டு. பொதுவான கையடக்க ஈரமானி 2 முதல் 3 விழுக்காடு முன்பின்னாகவே ஈரப்பதத்தைக் காட்டும். வெப்பநிலை உணரி ஒரு பாகை தவறினாலும், 50 விழுக்காட்டு ஈரப்பதம் ஏறத்தாழ 3 விழுக்காடு பிறழும். ஆதலின் 61-க்கும் 62-க்கும் இடையே வழக்காடுவது வீண்.

மேலும், உலையிலிருந்தும் தகரக் கூரையிலிருந்தும் வீசும் கதிர்வெப்பத்தை இக்கருவி உணராது, காற்றோட்டத்தையும் அளக்காது. அவற்றையும் கணக்கிற்கொள்ளவே 1950-களில் அமெரிக்கப் படைப்பயிற்சி முகாம்களில் வேறொரு குறியீடு வகுக்கப்பட்டது. அதற்கான கருவியில் கரிய உருண்டை ஒன்று சேர்ந்திருக்கும். உள்ளரங்கில் ஈரக்குமிழ் அளவின் பத்தில் ஏழு பங்கையும், கரிய உருண்டை அளவின் பத்தில் மூன்று பங்கையும் கூட்டி அக்குறியீடு பெறப்படும். பத்தில் ஏழு பங்கு ஈரக்குமிழுக்கு அளிக்கப்பட்டிருப்பது ஈரத்தின் முதன்மையைப் புலப்படுத்துகின்றது. உலைக்கூடங்களில் இவ்வகைக் கருவியே தகும். எளிய ஈரமானி முதற்கட்ட எச்சரிக்கைக்கு உதவும். முடிந்த தீர்ப்புக்கு உதவாது.

கருவி அறவே அளக்காத மற்றொன்று மனிதனின் நிலை. வயது, நோய், கருவுற்ற நிலை, நோன்பு, முந்தைய இரவின் உறக்கம் ஆகியவற்றால் ஒரே புழுக்கம் ஒருவருக்குப் பொறுக்கத்தக்கதாகவும் மற்றவருக்குப் பொறுக்கவொண்ணாததாகவும் அமையும். பகலில் வெந்த உடல் இரவில் தணிய வேண்டும். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கும் அளவில் சிப்காட் நிறுவனத்தின் விடுதி வளாகம் திறக்கப்பட்டது. அதற்கு வெளியே, சுற்றியுள்ள ஊர்களில் வாடகை அறைகளில் நெருங்கி வாழ்வோரும் மிகப் பலர். பணியிடத்தில் அளப்பதுபோன்றே உறங்கும் இடத்திலும் அளத்தல் வேண்டும். இரவு அளவீடு இல்லாத வெப்பக் கணக்கு அரைக்கணக்கே.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் சில உண்மைகள் தெளிவாகின்றன. தமிழ் வழக்கு வெப்பத்தையும் புழுக்கத்தையும் வேறுபடுத்தி வைத்திருந்தது. கையடக்க ஈரமானி அவ்வேறுபாட்டை எண்ணாக்குகின்றது. பொருளின் நலத்திற்காக அவ்வெண்கள் நாளும் எழுதப்படுகின்றன. உழைப்போரின் நலத்திற்காகவும் அவை எழுதப்படல் வேண்டும். ‘இங்கே தாங்க முடியவில்லை’ என்னும் சொல்லை மேலதிகாரி மறுக்கலாம். ‘பிற்பகல் 3 மணிக்கு, மூன்றாம் மேடையில், 34 பாகை, 70 விழுக்காடு, ஈரக்குமிழ் 29’ என்னும் குறிப்பை மறுப்பது எளிதன்று. மின்விசிறி, குடிநீர், நிழல், ஓய்வு நேரம் ஆகிய கோரிக்கைகளுக்கு அத்தகைய பதிவேடு வலுச்சேர்க்கும். பொறுப்புள்ள மேலாளருக்கும் அதுவே வழிகாட்டும்.

மாணவர்கள் இப்பயிற்சியைக் கல்லூரியிலேயே தொடங்கலாம். ஒரு துறைக்கு ஒரு கருவி போதும். வகுப்பறை, நூலகம், விடுதி அறை, உணவுக்கூடத்து அடுக்களை ஆகிய நான்கிடங்களில் காலை, நண்பகல், பிற்பகல், இரவு என நான்கு பொழுதுகளிலும் ஒரு மாதம் அளந்து எழுதிப் பார்த்தால், எவ்விடத்தில் யார் மிகுந்த புழுக்கத்தில் உழல்கின்றனர் என்பது தெரியவரும். நூலகத்தின் பழைய நூல்களையும் சுவடிகளையும் பூஞ்சையினின்று காக்கவும் அவ்வளவீடு உதவும். அடுக்களையில் நமக்காகச் சமைப்போரின் எண்ணே அவற்றுள் உயர்ந்ததாக இருப்பின், முதல் மின்விசிறியை அங்கே பொருத்த ஆவன செய்வதே இக்கல்வியின் முதற்பயனாகும்.